தண்டனைக்கு முன் கணக்கு: துப்பாக்கிச் சட்டம் குறித்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உள்துறை அமைச்சருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

துப்பாக்கிச் சட்டம் என்று பேச்செடுத்தாலே சிங்கப்பூரில் எல்லார் வாயிலும் முதலில் வருவது தூக்குத் தண்டனைதான். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றங்கள் சட்டம் அப்படிப்பட்டது. காயப்படுத்தும் நோக்கத்தோடு துப்பாக்கியைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்த முயன்றாலும் மரண தண்டனை. அனுமதியின்றி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுச் சிறை, அத்துடன் குறைந்தது 6 பிரம்படி. இரண்டுக்கு மேல் வைத்திருந்தவரைக் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு.

இந்தக் கடுமையைத் தளர்த்தச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. ஆனால் இது யாரைத் தடுக்கும், யாரைத் தடுக்காது என்பதில் தெளிவு வேண்டும். கொள்ளையடிக்கப் போகிறவன் பணத்தோடு வீடு திரும்ப நினைக்கிறான். தூக்குக் கயிறு அவனை யோசிக்க வைக்கும். கூட்டத்தைச் சுட்டுக் கொல்லத் திட்டமிடுகிறவர்களில் பலர் திரும்பி வரும் எண்ணத்தோடு கிளம்புவதே இல்லை. சாகத் துணிந்தவனை மரண தண்டனை மிரட்டாது. அவனைத் தடுப்பது ஒன்றுதான்: அவன் தேடும்போது துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருப்பது. ஒவ்வொரு துப்பாக்கியும், ஒவ்வொரு முக்கியப் பாகமும், ஒவ்வொரு தோட்டாவும் யாரிடம் இருக்கிறது என்ற கணக்கு அறுபடாமல் இருந்தால்தான் அது எட்டாமல் இருக்கும். அடுத்த முறை சட்டத்தையோ அதன் துணை விதிகளையோ திருத்தும்போது, தண்டனைக்குக் கொடுக்கும் கவனத்தை இந்தக் கணக்குக்கும் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 2020 டிசம்பரில் 16 வயது மாணவர் ஒருவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டார். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல் படுகொலையின் இரண்டாம் நினைவு நாளான 2021 மார்ச் 15 அன்று தம் வீட்டுக்கு அருகில் உள்ள இரண்டு பள்ளிவாசல்களில் தொழ வருபவர்களைக் கொல்வது அவருடைய திட்டம். முதலில் அவர் தேடியது துப்பாக்கி. இணையத்தில் விற்பவர் ஒருவரைக் கண்டுபிடித்தும், அது மோசடியோ என்று சந்தேகித்துப் பின்வாங்கினார். இங்குள்ள கட்டுப்பாட்டில் துப்பாக்கி கிடைப்பது கடினம் என்று உணர்ந்து வெட்டுக்கத்திக்கு மாறினார். பிரம்படிக்கு அஞ்சி அவர் அந்த யோசனையைக் கைவிடவில்லை. பொருள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அவர் இந்திய இனத்தவர் என்று அரசாங்கம் அப்போது அறிவித்தது. அதனால் இதை வேறு யாருடைய பிரச்சினையாகவோ தள்ளிவைக்கும் உரிமை நம் சமூகத்துக்குக் கிடையாது.

துப்பாக்கி இல்லாவிட்டால் கத்தி எடுப்பான், என்ன பெரிய வேறுபாடு என்று கேட்பவர்களுக்கு ஒரே நாளில் நடந்த இரண்டு சம்பவங்கள் பதில் சொல்லும். 2012 டிசம்பர் 14 அன்று சீனாவின் ஹெனான் மாநிலத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஓர் ஆள் கத்தியோடு புகுந்தான். 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வெட்டுப்பட்டார்கள், ஒருவரும் இறக்கவில்லை. அதே நாளில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்தான். 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தார்கள். கத்தியாலும் கொலைகள் நடக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் கத்திக்காரன் ஒவ்வொருவரையும் நெருங்கியாக வேண்டும். அந்த இடைவெளியில் ஓட நேரம் கிடைக்கிறது, கதவை மூட நேரம் கிடைக்கிறது.

மற்ற நாடுகளின் சட்டங்களில் கணக்கு எங்கே அறுந்தது என்று பார்ப்பது நமக்குப் பயன்படும். படுகொலைக்குப் பிறகு அவசரமாக எழுதும் சட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான இடங்களில்தான் ஓட்டையாகின்றன.

முதல் ஓட்டை, தோற்றத்தை வைத்து வரையறுப்பது. அமெரிக்கா 1994இல் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடைசெய்தது. கழற்றக்கூடிய தோட்டாப் பெட்டி கொண்ட ரைஃபிளில் பிஸ்டல் பிடி, மடக்கும் கட்டை, துப்பாக்கி முனையில் கத்தி பொருத்தும் கொளுவி, தீப்பிழம்பை மறைக்கும் முனை போன்றவற்றுள் இரண்டு இருந்தால் அது தடைக்குள் வரும். உற்பத்தியாளர்கள் கொளுவியையும் முனையையும் எடுத்துவிட்டு அதே துப்பாக்கியைத் தொடர்ந்து விற்றார்கள். சுடும் வேகத்திலோ தோட்டாவின் வலிமையிலோ எந்த மாற்றமும் இல்லை. தடைக்கு முன் தயாரான துப்பாக்கிகளும், 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் பெட்டிகளும் சட்டப்படியே கைமாறின. 2004 செப்டம்பரில் காலக்கெடு முடிந்து அந்தத் தடையும் மறைந்தது. லாஸ் வேகஸில் 2017இல் கொலைகாரன் பயன்படுத்திய, விசையை வேகமாகத் திரும்பத் திரும்ப இயங்கவைக்கும் துணைக்கருவியை அமெரிக்க அரசு பிற்பாடு துறை விதி மூலம் தடைசெய்தது. மூலச் சட்டத்தின் சொற்களுக்குள் அந்தக் கருவி அடங்காது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியையே செல்லாததாக்கியது. பொருள் எப்படித் தெரிகிறது என்பதை விட்டு, என்ன செய்கிறது என்பதைச் சட்டத்தின் உடலிலேயே எழுத வேண்டும் என்பதுதான் இதில் நமக்கு உள்ள பாடம்.

நியூசிலாந்தில் அறுந்தது தோட்டாப் பெட்டியில். கிரைஸ்ட்சர்ச் கொலைகாரனிடம் இருந்தது சாதாரண ஏ வகை உரிமம். அந்த உரிமத்தில் அரைத் தானியங்கி ரைஃபிள் வாங்கலாம், ஆனால் 7 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் பெட்டியைப் பொருத்தக்கூடாது. பெரிய பெட்டிகளோ உரிமக் கேள்வி எதுவும் இல்லாமல் தனியாகக் கிடைத்தன. துப்பாக்கி ஒரு கடையில், பெட்டி இன்னொரு கடையில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பதிவேடு இல்லை. உரிமம் தரும்போதும் பிழை நடந்தது. விண்ணப்பதாரரை நன்கு அறிந்தவர்கள் நற்சான்று தர வேண்டிய இடத்தில், இணைய விளையாட்டில் பழகிய நண்பர் ஒருவரும் அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரும் சொன்னதைக் காவல்துறை ஏற்றுக்கொண்டது என்று அரச விசாரணை ஆணையம் கண்டறிந்தது. 51 பேர் கொல்லப்பட்ட ஒரு மாதத்துக்குள், 2019 ஏப்ரல் 10 அன்று, நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. வேகம் பாராட்டத்தக்கது. ஏறத்தாழ 56,000 துப்பாக்கிகள் திரும்ப வாங்கப்பட்டன. ஆனால் நாட்டில் மொத்தம் எத்தனை இருந்தன என்ற பதிவேடு முன்பே இல்லாததால், மீதி எத்தனை என்று யாராலும் கூற முடியவில்லை. பதிவேடு 2023 ஜூனில்தான் திறந்தது.

அமெரிக்காவில் இன்னொரு வகை அறுபடல் உண்டு. ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்தது அடுத்த அலுவலகத்துக்குப் போய்ச் சேராது. அங்கே கடைக்காரர் பின்னணிச் சோதனைக்குக் கேட்டு 3 வேலை நாளில் பதில் வராவிட்டால் துப்பாக்கியை விற்கலாம். சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 2015 ஜூன் 17 அன்று 9 பேரைக் கொன்றவன் தன் துப்பாக்கியை அப்படித்தான் வாங்கினான். அவனுடைய போதைப்பொருள் வழக்கின் விவரம் சோதனை அதிகாரிக்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. டெக்சஸ் மாநிலத்தின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 2017இல் 26 பேரைக் கொன்றவன், குடும்ப வன்முறைக்காக விமானப்படை நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். அந்தத் தீர்ப்பை விமானப்படை தேசியத் தரவுத்தளத்துக்கு அனுப்பவே இல்லை. இரண்டு இடத்திலும் சட்டம் இருந்தது. தகவல்தான் வரவில்லை.

நம் விதிகளில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு எழுத்தில் உறுதியாக இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் உரிமம் இல்லை. உரிமம் தந்தபின் புதுப்பிக்கும் நாள்வரை காத்திருப்பதும் போதாது. உரிமம் பெற்றவர்மீது குடும்பப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கப்பட்டால், கைது நடந்தால், தனக்கோ பிறருக்கோ தீங்கிழைப்பதாக அவர் மிரட்டியது தெரியவந்தால், அதே நாளில் உரிமம் வழங்கும் அதிகாரிக்குச் செய்தி போக வேண்டும். ஆயுதத்தைத் தொடும் அனுமதி அதே நாளில் நிறுத்தப்பட வேண்டும். விசாரணை பிறகு நடக்கட்டும். இந்த நிறுத்தம் தண்டனையாகப் பதிவாகக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கறையாகும் என்றால் சக ஊழியர் வாய் திறக்கமாட்டார், மருத்துவரும் தயங்குவார், மனைவி கடைசிவரை மறைப்பார்.

ஆயுதக் கிடங்கு விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. தாய்லாந்தின் கோராட் நகரில் 2020 பிப்ரவரி 8 அன்று ஒரு ராணுவ வீரர் தம் மேலதிகாரியைச் சுட்டுவிட்டு, முகாமிலிருந்து ஆயுதங்களையும் தோட்டாக்களையும் ஒரு ராணுவ வாகனத்தையும் எடுத்துக்கொண்டு கடைத்தொகுதிக்குள் புகுந்தார். 29 பேர் இறந்தார்கள். நம் நாட்டைப் போல் வெளியார் எளிதில் துப்பாக்கி வாங்க முடியாத இடத்திலும் கிடங்கு உண்டு, கிடங்குக்குச் சாவி உண்டு.

தேசிய சேவை செய்த எல்லாருக்கும் ஆர்ம்ஸ்கோட் எனப்படும் முகாம் ஆயுத அறையின் நடைமுறை மனப்பாடம். ரைஃபிள் வரிசை எண்படி கையெழுத்தில் வெளியே வரும், வரிசை எண்படி உள்ளே போகும். சுடுகளத்தை விட்டுக் கிளம்பும்முன் தோட்டாவோ வெற்றுத் தோட்டாவோ கூடோ தன்னிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். இதில் தவறு நுழையும் இடம் துப்பாக்கி அல்ல, தோட்டா. 30 பேருக்குத் தலா 20 கொடுத்தால் 600. சுட்டவை, சுடாமல் திரும்பியவை, வெடிக்காமல் போனவை ஆகிய மூன்றையும் கூட்டினால் 600 வர வேண்டும். வெடிக்காத தோட்டாவைத் திரும்பியவற்றோடு கலந்துவிட்டால் ஒரே தோட்டா இரண்டு முறை எண்ணப்படும். கூடு புல்லில் விழுந்தால் ஒன்று குறையும். எல்லாரும் களைத்த பிறகு மாலையில் ஒரே தடவையாக எண்ணினால் எந்தச் சுற்றில், எந்தத் தடத்தில் பிசகியது என்று தேடவே முடியாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும், தடம் தடமாக, வெடிக்காதவற்றைத் தனி நிறப் பெட்டியில் போட்டு எண்ணினால் குறைவது ஒரே ஒரு தோட்டாவானாலும் அங்கேயே பிடிபடும்.

இந்த ஒழுங்கு விளையாட்டுத் துப்பாக்கிச் சங்கங்களுக்கும், ஆயுதமேந்திய தனியார் பாதுகாவல் நிறுவனங்களுக்கும், படப்பிடிப்புக்கு ஆயுதம் தருவோருக்கும் ஒரே வடிவத்தில் விதியாக வேண்டும். துப்பாக்கிச் சாவியும் தோட்டாச் சாவியும் எந்த நேரத்திலும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது. கிடங்குக் கதவின் எச்சரிக்கை மணி அந்த வளாகத்துக்குள் மட்டும் ஒலிக்காமல் வெளியே உள்ள கட்டுப்பாட்டு மையத்திலும் ஒலிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காவலரே முதல் இலக்கானால் யார் சொல்வார்கள்? கணக்கு ஒன்று குறைந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கட்டாயமும், தாமாக முன்வந்து தெரிவித்தவருக்குக் குறைந்த நடவடிக்கையும் இருக்கட்டும். பயத்தில் கணக்கைச் சரிக்கட்டி எழுதும் பழக்கம்தான் இதில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது.

அடுத்தது வெளிநாட்டு இணையக் கடைகளிலிருந்து வரும் பொட்டலம். பாங்காக் சியாம் பாரகன் கடைத்தொகுதியில் 2023 அக்டோபர் 3 அன்று 14 வயதுச் சிறுவன் ஒருவன் சுட்டதில் உயிர்கள் போயின. அவன் கையில் இருந்தது சத்தம் மட்டும் எழுப்ப வேண்டிய வெற்றுவெடித் துப்பாக்கி, சுடும்படி மாற்றியமைக்கப்பட்டிருந்தது. வெற்றுவெடித் துப்பாக்கி, காற்றுத் துப்பாக்கி, ஏர்சாஃப்ட், ஜெல் உருண்டை சுடும் ஜெல் பிளாஸ்டர் எல்லாவற்றையும் அயல்நாட்டு இணையச் சந்தைகள் பொம்மை என்ற தலைப்பிலேயே விற்கின்றன. சிங்கப்பூருக்குள் அனுமதியின்றிக் கொண்டுவந்தால் குற்றம் என்பது வாங்கும் பதின்ம வயதுப் பையனுக்கும் தெரிவதில்லை, கடன் அட்டை எண்ணைக் கொடுக்கும் அம்மாவுக்கும் தெரிவதில்லை.

பொட்டலம் வந்தபின் பிடிப்பதைவிட விற்பனைப் பக்கத்திலேயே நிறுத்துவது எளிது. அதற்கான வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கும் பொருள் சேவை வரியை வெளிநாட்டு இணையச் சந்தைகளே வசூலிக்கின்றன. சிங்கப்பூர் முகவரியை அடையாளம் கண்டு வரி கணக்கிடும் அதே மென்பொருள், அந்த முகவரிக்கு இந்த வகைப் பொருள்களைக் காட்டாமலும் இருக்கலாம். காவல்துறை ஒரு பொருள் பட்டியலையும் தேடுசொல் பட்டியலையும் பராமரித்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துத் தர வேண்டும். பெயரை மாற்றி விற்பது இவர்களுக்குக் கைவந்த கலை என்பதால் சொற்களோடு படங்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டவற்றை என்ன செய்வது? பரணில் கிடக்கும் பழைய காற்றுத் துப்பாக்கியையோ, மகன் வாங்கிய ஜெல் பிளாஸ்டரையோ ஒப்படைக்க நினைக்கும் தந்தையை அந்த 6 பிரம்படி வாக்கியமே தடுத்துவிடுகிறது. இருட்டில் குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம் என்றுதான் அவருக்குத் தோன்றும். ஆஸ்திரேலியா 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் 12 நாளில் தேசிய உடன்பாட்டை எட்டி, ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கியது. அதோடு நிற்கவில்லை, 2021 ஜூலை முதல் எப்போது வேண்டுமானாலும் கேள்வியின்றி ஒப்படைக்கும் நிரந்தர மன்னிப்பு ஏற்பாடும் அங்கே உண்டு. நமக்குத் திரும்ப வாங்கும் திட்டம் தேவையில்லை. ஒப்படைப்பவர்மீது வழக்கில்லை என்ற சட்டப்பிரிவு தேவை. நடைமுறையும் எளிமையாக இருக்கட்டும்: பொருளைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வர வேண்டாம், தொலைபேசியில் சொன்னால் காவலர் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார், ரசீது தருவார், அந்த ரசீதே பின்னாளில் பாதுகாப்பு.

முப்பரிமாண அச்சு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனெனில் அடிப்படை வேலையை நீங்கள் செய்துவிட்டீர்கள். 2021 ஜனவரி 5 அன்று நிறைவேறிய துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டம், துப்பாக்கியை அச்சிடும் மின்னிலக்க வரைபடத்தை அனுமதியின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பல நாடுகள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. எஞ்சியிருப்பது நடைமுறை. அச்சு இயந்திரம் வைத்திருக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்விக் கழகம், வாடகைப் பட்டறைகள் எதைப் பதிவுசெய்ய வேண்டும் என்று தெளிவான வழிகாட்டி கொடுங்கள். யார், எந்நேரம், எந்தக் கோப்பு, எத்தனை கிராம் என்ற நான்கு விவரமும் ஓராண்டுக்குச் சேமிக்கப்பட்டால் போதும். ஒரே அச்சுவேலையைப் பார்த்தால் எந்தப் பாகமும் அப்பாவியாகத்தான் தெரியும். ஒரே ஆளின் பல வேலைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் சந்தேகம் எழும். ஆகவே பதிவு ஆள்வாரியாகத் திரட்டப்பட வேண்டும். கேட்காமலே குழு உரையாடலில் இப்படிப்பட்ட கோப்பு வந்து விழுந்த மாணவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும். அழித்துவிட்டால் சான்றை அழித்த பயம், வைத்திருந்தால் குற்றம், யாரிடமாவது அனுப்பிக் கேட்டால் பரப்பிய குற்றம். பிறருக்கு அனுப்பாமல் உடனே புகார் செய்தவருக்குப் பாதுகாப்பு என்று ஒரு வரி இருந்தால் அந்தத் திகைப்பு தீரும்.

எங்கள் சமூகத்தின் சார்பில் ஒரு தனி வேண்டுகோள். தீபாவளிக்கு முன் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் பெட்டிகளில் பட்டாசும், பொட்டு வெடிக்கும் விளையாட்டுத் துப்பாக்கியும் அன்பளிப்பாக வருகின்றன. துப்பாக்கி வடிவச் சிகரெட் லைட்டர் இங்கே முற்றிலும் தடை என்பது ஊரில் உள்ள மாமாவுக்கு எப்படித் தெரியும்? தோட்டாக்கூட்டில் செய்த சாவிக்கொத்தும் சோதனைச் சாவடியில் வில்லங்கம்தான். இந்தப் பொருள்களின் படங்களோடு தமிழில் ஒரு பக்க அறிவிப்பு தயாரித்து, விமானச்சீட்டு விற்கும் லிட்டில் இந்தியா கடைகளிலும் ஊழியர் தங்கும் விடுதிகளிலும் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே ஒட்டுங்கள். சட்டச் சொற்றொடரை அப்படியே மொழிபெயர்க்காமல், எதைக் கொண்டுவரக்கூடாது, கொண்டுவந்துவிட்டால் சிவப்பு வழியில் போய் எப்படி அறிவிப்பது என்று மட்டும் இருந்தால் போதும்.

பிள்ளையின் பேச்சிலும் திரையிலும் வெறுப்பு ஏறுவதை முதலில் பார்ப்பது வீட்டார்தான். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 1800-2626-473 என்ற எண்ணை அழைத்தால் மகனின் வாழ்க்கையே முடிந்துவிடும் என்று பெற்றோர் நினைக்கும்வரை அந்தத் தொலைபேசி ஒலிக்காது. பள்ளிவாசல் தாக்குதலுக்குத் திட்டமிட்ட அந்த இளைஞர் சமய ஆலோசனையும் மனநல உதவியும் பெற்று 2024இல் கட்டுப்பாடுகளுடன் விடுவிக்கப்பட்டார் என்பது நம் மக்களில் பலருக்குத் தெரியாது. கோயில்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் நடக்கும் பெற்றோர் கூட்டங்களில் தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் வந்து, அழைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படிப்படியாக விளக்கட்டும்.

கடைசியாக, ஆண்டுதோறும் ஓர் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வையுங்கள். நடப்பில் உள்ள உரிமங்கள், பதிவான துப்பாக்கிகள், இடைநிறுத்திய உரிமங்கள், தோட்டாக் கணக்கு பிசகிய நிகழ்வுகள், சாவடிகளில் பிடிபட்ட பொருள்கள், மக்கள் தாமாக ஒப்படைத்தவை என ஆறு எண்கள் அதில் இருந்தால் போதும். ஆட்பெயரும் இடப்பெயரும் வேண்டாம். இந்த வேண்டுகோள்களில் எது ஏற்கத்தக்கது, எது இயலாது, ஏன் என்பதை அமைச்சு எழுத்தில் தெரிவித்தால், விதிகளின் வரைவுக்குத் தேவையான நடைமுறைக் குறிப்புகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்துத் தர நாங்கள் முன்வருகிறோம்.

இப்படிக்கு,
ஆயுதப் பாதுகாப்பு, சோதனை, பயிற்சித் துறைகளை அறிந்த சிங்கப்பூர்த் தமிழர்கள்